ரிப்போர்ட் சரி, மீன் ஏன் சாகிறது?

(கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் ரசாயனராக இருந்து ஓய்வுபெற்ற காட்பாடி அம்மா, தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: சுத்திகரித்த பிறகும் தண்ணீரில் இருக்கும் நஞ்சு எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?)

கேள்வி (காட்பாடி, விடுதி ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய (எஸ்.டி.பி.) ஆபரேட்டர்): அம்மா, சுத்திகரித்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடும் முன் ஒரு சிமென்ட் தொட்டியில் நிறுத்துகிறோம். அதில் விட்ட கப்பி மீன்கள் இரண்டு மூன்று நாளில் செத்து மிதக்கின்றன. லேப் ரிப்போர்ட்டில் பி.ஓ.டி. (கழிவைத் தின்னப் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 18, சி.ஓ.டி. (கழிவை ரசாயனத்தால் எரிக்க வேண்டிய ஆக்சிஜன்) 90, பி.எச். (அமில, காரத் தன்மையின் எண்) 7.6. எல்லாமே லிமிட்டுக்குள். "ரிப்போர்ட் பாஸ், மீனை எடுத்துவிடு" என்கிறார் மேனேஜர். நான் என்ன செய்ய?

பதில்: மீன் அங்கேயே இருக்கட்டும் தம்பி. மேனேஜரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-இல் கழிவுநீருக்கான பொதுத் தரங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250 என்று போட்டிருக்கும் அதே பட்டியலில், எதுவும் கலக்காத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. பலர் கண்ணில் படாத வரி அது. உங்கள் தொட்டி அந்தச் சோதனையைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறது.

அந்தப் பட்டியலில் இருக்கும் எண்களையும் உற்றுப் பாருங்கள். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கட்டற்ற அம்மோனியா (அயனியாகாமல் வாயுவாகவே கரைந்திருக்கும் பங்கு) லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை, மிச்சக் குளோரின் 1 மில்லிகிராம் வரை, செம்பு 3 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆனால் கட்டற்ற அம்மோனியா 1, 2 மில்லிகிராம் ஆனாலே பல மீன்வகைகள் நாலு நாளில் செத்துவிடும். குளோரின் 0.2 மில்லிகிராம் விடாமல் நின்றால் மீன் தாங்காது. செம்புக்கு, கடினத்தன்மை குறைந்த தண்ணீரில், நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரி சில பத்து மைக்ரோகிராமிலேயே விழுந்துவிடும். அதாவது அனுமதித்த அளவில் நூறில் ஒரு பங்கு. ஆகவே எல்லா எண்ணும் லிமிட்டுக்குள் இருக்கும்போதே மீன் சாவது நடக்கக்கூடிய காரியம்தான். உங்கள் ரிப்போர்ட்டில் அம்மோனியா, குளோரின் இரண்டுக்கும் வரியே இல்லை என்பதையும் கவனியுங்கள். அளக்காததை அது எப்படிச் சொல்லும்?

மீன்கள் எந்த நேரத்தில் சாகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விடியற்காலையில் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, வெளிச்சம் வரும்போது மிதந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை. மீன் தொட்டிக்குப் போடும் சின்ன ஏர் பம்ப் போட்டாலே சாவு நின்றுவிடும். பாசி படிந்த தொட்டியில், நல்ல வெயிலில், மத்தியானம் மூன்று மணி வாக்கில் செத்தால் அம்மோனியாவைச் சந்தேகப்படுங்கள். வெயில் நேரத்தில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், தண்ணீரின் பி.எச். 9-ஐத் தாண்டிவிடும், அம்மோனியாவின் நஞ்சும் கூடவே ஏறும். குளோரின் டோஸிங் பம்ப் ஓடிய சில மணி நேரத்தில் எல்லா மீனும் ஒரு சேரச் செத்தால், கை நீட்ட வேண்டிய இடம் உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பக்கெட் சோதனை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, நன்றாக நீந்துகிற மீன்கள் வேண்டும். ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீர் அப்படியே. இரண்டாவதில் அதே தண்ணீர், ஏர் பம்ப்போடு. மூன்றாவதில் காற்றோடு சோடியம் தயோசல்பேட். அலங்கார மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று பாட்டிலில் விற்பது பெரும்பாலும் இதுதான். நான்காவதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 7-க்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்க வேண்டும். ஐந்தாவதில், அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் கல் நிரப்பிய குழாய் வழியாக விட்ட தண்ணீர். ஆறாவதில் குளோரின் கலக்காத போர் தண்ணீர். இதில் மீன் செத்தால் மொத்தச் சோதனையையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மீன் வாங்குங்கள். தயோசல்பேட், அமிலம் இவற்றைப் போர் தண்ணீரிலும் அதே அளவு போட்டு ஒரு பக்கெட் வைக்க மறக்காதீர்கள். நாம் போட்ட மருந்தே மீனைக் கொன்றுவிட்டு, பழி கழிவுநீர் மேல் விழக் கூடாது.

தயோசல்பேட் போட்டதில் மட்டும் பிழைத்தால் குளோரின். பி.எச். 7-இல் நிறுத்தியதிலும் ஜியோலைட்டிலும் பிழைத்து மற்றதில் செத்தால் அம்மோனியா. இரண்டும் கலந்தே இருக்கலாம். அம்மோனியா இருக்கும் தண்ணீரில் குளோரின் விட்டால் குளோரமைன் உண்டாகும், அது லேசில் போகாது.

பி.எச். மீட்டரைக் காலையிலும் மாலையிலும் வைத்துப் பாருங்கள். பக்கெட்டில் ஊற்றும்போது 7.6 காட்டும். ஏர் பம்ப் குமிழ் விட விட, கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி, சாயங்காலம் 8.3, 8.4 என்று நிற்கும். அதில் யாரும் எதையும் ஊற்றவில்லை. ஆனால் அந்த முக்கால் யூனிட் ஏற்றத்தில் கட்டற்ற அம்மோனியா ஐந்து மடங்காகிவிடும். தண்ணீரில் மொத்த அம்மோனியா நைட்ரஜன் 30 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அதில் கட்டற்றது சுமார் 0.2 மில்லிகிராம்தான். பி.எச். 8-இல் 1.6. பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது பத்துக்கு மேலே. தண்ணீர் அதே தண்ணீர். லேபுக்குப் போன பாட்டிலில் சாது, வெயிலில் நின்ற தொட்டியில் எமன். நம்ம வேலூர் வெயிலுக்குக் கணக்கு இன்னும் மோசமாகும், சூடு ஏற ஏறக் கட்டற்ற பங்கும் ஏறும்.

அம்மோனியாதான் என்று தெரிந்தால் நேராக, ஏரேஷன் டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோயர் ரூமுக்குப் போங்கள். கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் ப்ளோயரை நிறுத்துகிறார்களா? அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு 1 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜனும், 7 மில்லிகிராம் காரத்தன்மையும் வேண்டும். மெதுவாகத்தான் பெருகும், சட்டென்று செத்துப்போகும். விடுதியில் வாரக் கடைசியில் கழிவறைகளைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால், அது மொத்தமாக ஏரேஷன் டேங்கில் வந்து இறங்கும்போது முதலில் அடிபடுவதும் அவைதான். பி.ஓ.டி.யைச் சாப்பிடும் பாக்டீரியா தாக்குப்பிடித்துவிடும். அதனால்தான் பி.ஓ.டி. 18 என்று அழகாக வந்திருக்கிறது.

கேள்வி (ஆம்பூர், எம்.எஸ்சி. மாணவி): தோல் பதனிடும் டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் நீர்த்தெள்ளு விட்டுச் சோதனை செய்கிறேன் மேடம். உலோகங்களைக் கட்டிப்போடும் இ.டி.டி.ஏ. சேர்த்தும் சாவு குறையவில்லை. ஆகவே உலோகம் காரணமில்லை, குரோமியமும் காரணமில்லை என்று எழுதிவிடலாமா? நஞ்சைக் கண்டுபிடிக்கும் சோதனைகளின் முழு வரிசையையும் செய்துவிட்டு எழுது என்கிறார் கைடு.

பதில்: கைடு சொல்வதைக் கேள் கண்ணு. அவசரப்பட்டுக் குரோமியத்துக்கு நற்சான்று கொடுத்துவிடாதே.

இந்த வரிசை எப்படி வந்தது என்று தெரிந்தால் உனக்கே புரியும். கழிவுநீரில் இருக்கும் ஆயிரம் பொருளையும் ஒவ்வொன்றாக அளந்து நஞ்சைத் தேடினால் ஆயுசு போதாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டுலுத் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் 1980-களில் வழியைத் திருப்பிப் போட்டார்கள். தண்ணீரில் ஏதாவது ஒரு குணத்தை மட்டும் மாற்று, பிறகு உயிரியை விட்டுப் பார், நஞ்சு குறைந்ததா என்று கேள். 1988-இல் முதல் கையேடுகள் வந்தன. 1991-லும் 1993-லும் திருத்தி எழுதினார்கள். முதல் கட்டத்தில் நஞ்சின் இனம், இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் உறுதி. வடிகட்டுவது, காற்று ஊட்டுவது, கரிமப் பொருள்களைப் பிடிக்கும் சி18 துகள் நிரப்பிய குழாயில் விடுவது ஆகிய மூன்றையும் அமிலத்தில், காரத்தில், தண்ணீரின் இயல்பான பி.எச்.-இல் என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதோடு இ.டி.டி.ஏ., தயோசல்பேட், பி.எச்.-ஐப் படிப்படியாக மாற்றி நிறுத்துவது. நீ இதில் ஒன்றைத்தான் செய்திருக்கிறாய்.

இ.டி.டி.ஏ. செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம், நிக்கல் இவற்றைப் பிடித்துக் கட்டிவிடும். குரோமியத்தில் அது பலிக்காது. அறுவலு குரோமியம் (Cr-6 வகை) தண்ணீரில் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது, இ.டி.டி.ஏ.க்கு அதில் வேலையே இல்லை. தோல் பதனிடும் மூவலு குரோமியமோ (Cr-3 வகை) சாதாரண வெப்பத்தில் இ.டி.டி.ஏ.வோடு மிக மெதுவாகச் சேரும், உன் சோதனை முடிவதற்குள் நடக்காது. ஆகவே உன் முடிவு செம்பு, துத்தநாகக் கூட்டத்தைப் பற்றி மட்டும்தான் ஏதோ சொல்கிறது. அதுவும் போதுமான அளவு போட்டிருந்தால். நம் ஊர் டேனரித் தண்ணீரில் சுண்ணாம்பு போட்ட கால்சியம் நிறைய. போட்ட இ.டி.டி.ஏ.வில் பெரும்பகுதியைக் கால்சியமே பிடித்து வைத்துக்கொள்ளும். அளவைக் கூட்டினால் இ.டி.டி.ஏ.வே நீர்த்தெள்ளைக் கொல்லும். இரண்டு மூன்று அளவில் செய்து பார், நல்ல தண்ணீரிலும் அதே அளவுகளைப் போட்டுப் பார்.

குரோமியத்தைத் தனியாக விசாரி. பி.எச்.-ஐ 8.5 வாக்கில் உயர்த்தி, நன்றாக வடிகட்டி, மீண்டும் பழைய பி.எச்.-க்குக் கொண்டுவந்து உயிரியை விடு; நஞ்சு போயிருந்தால் மூவலு குரோமியம் மாதிரி படிந்துவிடும் உலோகம் சந்தேகத்துக்குரியது. அறுவலு குரோமியம் எந்த பி.எச்.-இலும் வடிதாளைத் தாண்டி வந்துவிடும். அதற்கு டைபினைல்கார்பசைடு இருக்கிறது: அமிலத்தில் இரண்டு மில்லி விட்டால் ஊதா கலந்த சிவப்பு எழும், 540 நானோமீட்டர் ஒளியில் அளந்து பார். எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் ரெசின் வழியாக விட்டதும் நஞ்சு குறைந்தால் சந்தேகம் வலுக்கும்.

அம்மோனியாவையும் விட்டுவிடாதே. சுண்ணாம்பு எடுக்கும் கட்டத்தில் தோல் ஷாப்புகளில் அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் குளோரைடு போடுகிறார்கள், அது முழுக்கத் தண்ணீரோடுதான் வருகிறது. சல்பைடு முடி நீக்கும் கட்டத்தில் இருந்து. இவை இரண்டும் பி.எச்.-க்கு எதிரெதிராக நடக்கும்: பி.எச். ஏறினால் அம்மோனியா கொடூரம், இறங்கினால் சல்பைடு கொடூரம். 6.5, 7.5, 8.5 என்று மூன்றில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: உப்பு மிகுந்த தண்ணீரில் ஜியோலைட்டை நம்பாதே. சோடியம் போட்டிக்கு வந்து அம்மோனியாவை ஒட்டவே விடாது.

சி18 குழாய் நஞ்சைப் பிடித்து வைத்தால் உனக்கு நல்ல காலம். மெத்தனாலை 25 சதவீதத்தில் தொடங்கி நூறு வரை ஏற்றி ஏற்றிக் கழுவி, எந்தப் பகுதியில் நஞ்சு இறங்குகிறது என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும், பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவிக்கு அனுப்பு. குரோமியம் ஏற்றிய நீலத்தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் டி.சி.எம்.டி.பி. போன்ற பொருள்கள் மிகச் சிறிய அளவிலேயே நீர்வாழ் உயிர்களைக் கொல்லக்கூடியவை. அவற்றைத் தேடித்தான் நீ அளக்க வேண்டும். வழக்கமான ரிப்போர்ட்டில் வராது.

கேள்வி (வாணியம்பாடி, சுத்திகரிப்பு நிலைய ஊழியர்): எங்கள் நிலையத்தில் ஏரேஷன் டேங்குக்குப் பிறகு எடுத்த தண்ணீரை விட, கடைசியாக வெளியே வரும் தண்ணீரில் மீன் சீக்கிரம் சாகிறது. இது எப்படி முடியும்?

பதில்: முடியும் ஐயா. சுத்திகரிக்க நாம் போடும் பொருளே நஞ்சாவது பல நிலையங்களில் நடக்கிறது. இதைச் சொன்னால் பொறியாளர்களுக்குக் கோபம் வருகிறது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ஏரேஷனுக்குப் பிறகு என்னவெல்லாம் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கிருமி நீக்கக் குளோரினா? சகதியைத் திரட்டும், பாலி எனப்படும் பாலிமரா? சகதி பிழியும் இடத்தில் போடும் நேர்மின் பாலிமர் அளவு மீறினால், மிச்சம் தண்ணீரோடு சேர்ந்து ஓடி மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ளும். செவுள் எதிர்மின் பூச்சுடையது, அதனால் பாலிமர் அதைத் தேடிப் போகும். மீன் மூச்சு முட்டிச் சாகும். இந்தத் தண்ணீரில் கொஞ்சம் களிமண்ணைக் கலக்கித் தெளிய விட்டுவிட்டு மீனை விட்டுப் பாருங்கள். பிழைத்தால் பாலிமர் மேல் சந்தேகம் கொள்ளலாம், ஏனென்றால் களிமண் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். சகதி பிழியும் மெஷினிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் எந்தத் தொட்டியில் சேர்கிறது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, தோலிலிருந்து கரைந்து வரும் புரதம். உள்ளே வரும்போது அது அங்கக நைட்ரஜன். அம்மோனியா அளவு குறைவாகவே தெரியும். காற்றில்லாத தொட்டியில் அது உடைந்து அம்மோனியாவாக மாறும். அதனால் நடுவில் அம்மோனியா ஏறுவது இயல்பு. பிறகு அதை நைட்ரேட்டாக்க முடியாமல் போனால் அப்படியே வெளியே வரும்.

ஒவ்வொரு தொட்டியின் வாயிலிலும் ஒரே நாளில் சாம்பிள் எடுத்து வரிசையாகச் சோதியுங்கள். நஞ்சு எந்த இரண்டு தொட்டிக்கு நடுவே ஏறுகிறதோ அந்த இடத்து வால்வை விசாரியுங்கள். தண்ணீர் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எடுக்கும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். காலையில் உள்ளே வந்த தண்ணீர் அன்றைக்கே கடைசித் தொட்டியில் இருக்காது.

கேள்வி (குடியாத்தம், சாயப் பட்டறை நடத்தும் பெண்): லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிறோம் அக்கா. சாயத்தை எடுத்துவிட்டோம், தண்ணீர் கண்ணாடி போலிருக்கிறது. வடிகட்டினோம், காற்று ஊட்டினோம், கார்பனில் விட்டோம். நீர்த்தெள்ளு சாகிறது, மீன் மட்டும் பிழைக்கிறது. என்ன நஞ்சு இது?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது அம்மா. எதைச் செய்தாலும் அசையாத நஞ்சு, மீனை விட்டுவிட்டு நீர்த்தெள்ளை மட்டும் அடிக்கும் நஞ்சு என்றால், முதலில் உப்பைப் பாருங்கள். ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) போடுகிறீர்கள். அது வடிதாளில் நிற்காது, காற்றில் போகாது, கார்பனில் ஒட்டாது. செரியோடாஃப்னியா என்ற சின்ன நீர்த்தெள்ளு லிட்டருக்குச் சுமார் 2 கிராம் சோற்றுப்பிலேயே இரண்டு நாளில் பாதிக்குப் பாதி செத்துவிடும். பல மீன்கள் அதைவிட மூன்று மடங்கு தாங்கும்.

சந்தேகத்தை உறுதியாக்கும் வழி எளிது. லேபில் சோடியம், குளோரைடு, சல்பேட், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஏழையும் அளந்து வாங்குங்கள். சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரில் அதே உப்புகளை அதே அளவில் கரைத்து ஒரு போலிக் கழிவுநீர் தயாரித்து, இரண்டிலும் நீர்த்தெள்ளை விடுங்கள். இரண்டிலும் ஒரே வேகத்தில் செத்தால் விஷயம் முடிந்தது. போலித் தண்ணீரில் பிழைத்து உங்கள் தண்ணீரில் செத்தால், உப்புக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறது.

தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து யாரும் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். பாலாற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்த தலைமுறை நான். அதே கரையில் இன்று எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கத் தூவிய உப்பு ஊறல் தண்ணீரில் கரைந்து பல வருஷம் மண்ணில் இறங்கியது. உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. ஆர்.ஓ.வில் ஒதுக்கி ஆவியாக்கியில் காய்ச்சி எடுக்க வேண்டும், அல்லது உப்பைக் குறைவாகப் போட வேண்டும். இரண்டாவதே மலிவு: உப்புக் குறைவாகக் கேட்கும் சாயங்கள் இருக்கின்றன, விசாரியுங்கள்.

கேள்வி (வாலாஜாபேட்டை, விவசாயி): எங்கள் கிணற்றில் மீன் நன்றாக வாழ்கிறது. ஆனால் தென்னையில் குரும்பை கொட்டுகிறது, நெல் நுனி கருகுகிறது. தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா இல்லையா? குடிக்கலாமா? நஷ்டஈடு கேட்க வழி உண்டா?

பதில்: குடிக்கும் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா: மீன் வாழ்கிறது என்பதை வைத்துக் குடிக்காதீர்கள். நாலு நாளில் மீனைக் கொல்லாத அளவு குரோமியமோ நைட்ரேட்டோ வருஷக் கணக்கில் குடிக்கும் மனிதருக்குக் கெடுதி செய்யும். ராணிப்பேட்டைப் பக்கம் பழைய குரோமேட் கழிவுக் குவியலைச் சுற்றி நிலத்தடி நீரில் அறுவலு குரோமியம் கலந்தது ஊரறிந்த விஷயம். அறுவலு குரோமியம், நைட்ரேட், மொத்தக் கரைந்த உப்பு மூன்றையும் தனியாக அளக்கச் சொல்லி வாங்குங்கள்.

பயிருக்கு மீன் சாட்சி சொல்லாது. பயிரைப் பயிரிடம்தான் கேட்க வேண்டும். பச்சைப்பயறு இருபது இருபதாக எடுத்து, ஒரு பங்கைக் கிணற்றுத் தண்ணீரில், ஒரு பங்கைப் பாதி கிணறு பாதி மழைத் தண்ணீரில், ஒரு பங்கைக் கால்பங்கு கிணற்றுத் தண்ணீரில், கடைசிப் பங்கை வெறும் மழைத் தண்ணீரில் நனைத்த துணியில் வையுங்கள். மூன்று நாள் கழித்து எத்தனை முளைத்தது என்று மட்டும் எண்ணாமல், ஸ்கேல் வைத்து வேரின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முளைப்பு எல்லாவற்றிலும் ஒன்று போல இருந்து வேர் மட்டும் குட்டையானால் தண்ணீர் வேரைத் தடுக்கிறது. மழைத் தண்ணீர் சேரச் சேர வேர் சீராக நீண்டால் முதல் சந்தேகம் உப்பு. வேர் நுனி பழுப்பேறி மழுங்கியிருந்தால் உலோகத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வேளாண்மைத் துறையின் மண், நீர் ஆய்வுக்கூடத்துக்குப் போனால், சோடியம் விகிதத்தையும் குளோரைடையும் பார்த்து என்ன பயிர் வைக்கலாம் என்று சொல்வார்கள்.

நஷ்டஈடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்து மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. அளவுகள் தேதியோடு உங்கள் கையில் இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

கேள்வி (மேல்விஷாரம், வாசகர்): சாம்பிளை எப்படி எடுப்பது? நான் அனுப்பியதை லேபில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: பாட்டிலை அதே தண்ணீரில் கழுவி, கழுத்து வரை காற்றில்லாமல் நிரப்பி மூடுங்கள். மேலே காற்றுக்கு இடம் விட்டால் தண்ணீரிலுள்ள அம்மோனியாவும் சல்பைடும் குளோரினும் அந்தக் காற்றில் ஏறிவிடும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 36 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கும்படி கொண்டுபோங்கள். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலை மீன் சோதனைக்குக் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். எடுத்த நேரம், அப்போதைய பி.எச்., வெப்பம் மூன்றையும் பாட்டில் மேல் எழுதுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை, சிறு ஆலையின் மேற்பார்வையாளர்): எங்கள் தண்ணீர் மீன் சோதனையில் தோற்றுவிட்டது. பெரிய கார்பன் ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் வந்து நிற்கிறார். முதலாளியும் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். வாங்கலாமா?

பதில்: இன்னும் எது நஞ்சு என்றே தெரியாமல் எதற்காக வாங்கப் போகிறீர்கள் தம்பி? கார்பன் குளோரினை எடுக்கும், பல கரிமப் பொருள்களை எடுக்கும். அம்மோனியாவையும் உப்பையும் தொடாது. நஞ்சு அம்மோனியா என்றால் நீங்கள் போடும் பணம் அத்தனையும் வீண். சரிசெய்ய வேண்டியது ப்ளோயரும் சகதியின் வயதும், அதாவது பாக்டீரியாச் சகதி டேங்கில் தங்கும் நாள்களும். குறைந்த பணத்திலேயே முடியலாம். கிராமத்து வைத்தியர்கூட நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுப்பார்.

முதலில் நஞ்சின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரை 100, 50, 25, 12.5 சதவீதமாகக் கலந்து மீனை விடுங்கள். பாதி மீன் சாகும் கலவை 25 சதவீதம் என்றால், நூறை 25-ஆல் வகுத்து நான்கு நஞ்சு அலகு என்று கணக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அது நான்கிலிருந்து எத்தனையாகக் குறைகிறது என்று பாருங்கள். நான்கு இரண்டாகி அங்கேயே நின்றால் இன்னொரு நஞ்சும் இருக்கலாம் என்று பொருள். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாம்பிளோடு முடிவு கட்டாதீர்கள். உங்கள் ஆலையில் திங்கட்கிழமை ஓடும் வேலை வேறு, சனிக்கிழமை கழுவி விடுவது வேறு. வெவ்வேறு நாள், வெவ்வேறு ஆர்டர் ஓடும்போது எடுத்த சாம்பிள்களில் சந்தேகப் பொருளின் அளவும் நஞ்சு அலகும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்க வேண்டும். பிறகு அந்தப் பொருளையே இன்னொரு பங்கு அதே தண்ணீரில் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். அளவு இரட்டிப்பானதும் நஞ்சு அலகும் இரட்டிப்பானால் ஆள் அவன்தான். ஏறவில்லை என்றால் தேடலைத் தொடருங்கள்.

இதற்குள் விற்பனையாளர் பொறுமை இழந்தால், உங்கள் தண்ணீரில் இரண்டு கேன் கொடுத்து அவருடைய கார்பனில் ஓட்டித் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவந்ததில் பத்து மீனை விடுங்கள், ஓட்டாத தண்ணீரில் பத்து, போர் தண்ணீரில் பத்து. 96 மணி நேரம் கழித்து முதலாளியைத் தொட்டிக்குக் கூட்டி வந்து எண்ணச் சொல்லுங்கள். செக் எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.